டாக்டரம்மாவுக்கு நல்ல புண்ணாக்கு

கோழி எச்சம் பொறுக்கிப் பிழைத்தவன் நான். கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன், தைரியமாகப் படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஓர் ஆராய்ச்சியில் தற்காலிக வேலை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் ஒரு நஞ்சு உண்டாகும். ஈரலில் புற்றுநோயையே வரவழைக்கக்கூடியது. அதைத் தின்ற கோழிகளை ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணி கூடுதலாக வாட்டுகிறதா என்பது எங்கள் கால்நடை டாக்டரம்மாவின் கேள்வி. பண்ணை பண்ணையாகப் போய்ப் புண்ணாக்கும் எச்சமும் வாங்கி வருவது என் பாடு. சோதனைக்கு மாதிரி கேட்டு அலைந்தவர்களுக்குத்தான் இந்த வலி புரியும்.

மடியில் டப்பா

சித்திரை வெயிலில், மடியில் எச்ச டப்பாக்களுடன் சேலம் பஸ் ஏறினேன். ராசிபுரம் வருவதற்குள் பக்கத்து சீட்டுகள் காலி. கண்டக்டரிடம் ஆராய்ச்சி, ஒட்டுண்ணி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுக்கா சாமி இத்தனை அலைச்சல்? சொல்லியிருந்தா எங்க ஊட்டுலிருந்தே ஒரு மூட்டை ஏத்தியிருப்பனே!"

சுத்தமோ சுத்தம்

செல்லாயி அக்கா பண்ணையில் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்து செத்துக்கொண்டிருந்தன. மருந்துக்கும் அடங்கவில்லை. ஆனால் அக்கா கொடுத்தனுப்பிய புண்ணாக்கில் சோதித்த மூன்று முறையும் நஞ்சே இல்லை. மற்ற பண்ணைகளிலும் இதே கதை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படியே போனா ஆராய்ச்சியை மூடிட்டு நீயும் ஊருக்குப் போகவேண்டியதுதான்."

எது கோழிக்கு?

வேலையை விட எனக்கு மனமில்லை. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா பண்ணைக்குப் போய் நின்றேன். முறத்தில் புண்ணாக்கைப் பரப்பி, பச்சை படிந்த துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். முறத்தில் மிஞ்சுவது எனக்காம்.

"டாக்டரம்மா கைக்குப் போறதாச்சே, பூசணத்தையா குடுத்தனுப்புவாங்க?"

"அப்ப கூடையில இருக்கறத எங்கீங்க கொட்டுவீங்க?"

"கொட்டறதா? நல்லாருக்குதே! அதத்தான் கோழிக்குப் போடறது."

கூடையோடு வாங்கிக்கொண்டு ஓடினேன். அதில் நஞ்சு ஏராளம். அந்தப் பூசணம்தான் குஞ்சுகளை வாட்டுகிறது என்று டாக்டரம்மாவே நேரில் வந்து சொன்னபோது அக்காவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. அன்றே தீவனத்தை மாற்றினார். பிறகு மருந்தும் பிடித்தது. அடுத்த முறை போனபோது குஞ்சுகள் என் காலைச் சுற்றி ஓடின. அக்கா ஒரு கூடையை நீட்டினார்: "நல்லதெல்லாம் இப்ப கோழிக்குங்க, பூசணம் பூராவும் உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன், சாமி!"

வந்தவனுக்குக் கெட்டுப்போனதைக் கொடுக்க, வாங்கியவன் கையெடுத்துக் கும்பிடுவது எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும்.