‘சுருக்கும்’ என்ற சொல்லில் ஏமாந்தேன்

என் கண் அழுத்த நோய்க்கு மும்பை மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். "இது கண்மணியைச் சுருக்கி அழுத்தத்தைக் குறைக்கும். சிகரெட்டை விட்டுடுங்கோ, அது கண்ணோட ரத்தக் குழாயைச் சுருக்கும்" என்றார்.

படித்தவன் என்ற திமிர் எனக்கு. "ரெண்டும் சுருக்கறதுதானேடி? நல்லதுதான்" என்று மனைவியிடம் வாதாடினேன்.

"அப்போ சிகரெட்டையும் மருந்துக் கடையிலேயே வாங்குங்கோ!" என்றாள். நான் சிரித்துக்கொண்டே பற்றவைத்தேன்.

இரண்டு வருடத்தில் இடது கண் இருண்டது. அழுத்தத்தால் நலிந்த கண் நரம்புக்கு சிகரெட்டால் ரத்தமும் குறைந்திருக்கலாம், போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர்.

இப்போது சிகரெட்டைத் தொடுவதில்லை. வலது கண்ணுக்கு மருந்து தவறுவதில்லை. தெருவில் மனைவியை என் இடப்பக்கம் நடக்கச் சொல்கிறேன். அவள் பேசாமல் வந்தால், பக்கத்தில் இருக்கிறாளா என்றே எனக்குத் தெரிவதில்லை.