யூசுப் பாய் மாற்ற மறுத்த சொல்

காலையில் கடையைத் திறந்து முதல் துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யூசுப் பாயின் மைத்துனர் மூச்சிரைக்க வந்து நின்றார். "அண்ணே, மச்சான் மவுத்தாயிட்டாரு. விடியத் தொழுதுட்டு வந்து உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு, உசுரு போயிருச்சு."

"எந்த மச்சான்?" என்று கேட்டேன். யூசுப் பாய் முதல் நாள் மாலை இதே வாசலில் "காலைல வாரேண்ணே" என்று சொல்லிப் போனவர். நாற்பதைத் தாண்டி அதிகமாகவில்லை. காய்ச்சலென்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

சிம்மக்கல்லில் ஜவுளி எடுத்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் துணிக்கடையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பிறகு என்னோடு ஒரே கடையில் வேலை. அங்கே கப்பலேறப் போகிறவர்களுக்கு மாலையில் கடை மாடியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். நானும் போய் உட்காருவேன்.

வினையடை நடத்திய நாள் மறக்காது. "நாம 'ஆக' போட்டு முடிச்சிர்றோம். அவங்க ஆம்பளச் சொல்லைப் பொம்பளச் சொல்லா ஆக்கி, அப்பறம் 'மான்'னு வால் ஒட்டுவாங்க. மெதுவானது லான்; பொம்பளையா ஆக்குனா லான்த்; மெதுவாக, லான்த்மான்." உற்சாகத்தில் ஒருவர், வேகமாக என்று பொருள்படும் 'வீத்'துக்கும் வாலை ஒட்டி 'வீத்மான்' என்றார். "ஓடுறவனுக்கு வால் எதுக்குங்க? அது வெறும் வீத்தாவே ஓடட்டும்" என்றார் பாய். மாடியே சிரித்தது.

ஒருமுறை கொள்முதலுக்காக இருவரும் டி. கல்லுப்பட்டிப் பக்கம் போயிருந்தோம். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கார், ரோட்டோரம் நடந்துபோன கூலிக்காரர் ஒருவரை மோதித் தள்ளிவிட்டது. கால் முறிந்து கிடந்தார். கம்புகளோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரர் முகம் வெளிறி "த்ரோ வீத், த்ரோ வீத்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறிய வேகம் என்று எனக்கே புரிந்தது.

"என்ன சொல்றான் அவன்?" என்று கூட்டம் கத்தியது.

நான் பாயின் காதில், "மெதுவா வந்தாராம்னு சொல்லிருங்க. கொன்னுபோடுவாங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "ரொம்ப வேகமா வந்துட்டேங்கிறாரு" என்று உரக்கச் சொன்னார். கம்பு ஒன்று உயர்ந்தது. பாய் வெள்ளைக்காரருக்கு முன்னால் போய் நின்றார். "அடிக்கிறதுன்னா என்னைத் தாண்டி அடிங்க. அதுக்கு முந்தி அடிபட்டவரை வண்டியில ஏத்துங்க. இம்புட்டு ரத்தம் போகுதே!"

கீழே கிடந்தவரே, "கம்பக் கீழ போட்டுட்டு என்னையத் தூக்குங்கப்பா" என்று முனகினார். அதன் பிறகுதான் கூட்டம் குனிந்தது. அதே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் தப்பியது. போலீஸாரிடமும் வெள்ளைக்காரர் அதையே சொன்னார்; பாயும் அதையே தமிழில் சொன்னார்.

திரும்பும்போது எனக்கு ஆத்திரம். "ஒரு சொல்லுக்காக உயிரை விடப் பாத்தீங்களே!"

"மெதுவான்னு சொல்லியிருந்தா, அவரா குறுக்க வந்து விழுந்ததா ஆயிரும்ணே. கால் ஒடிஞ்சது பத்தாதா? பழியும் அவருக்கா?"

அவரை அடக்கம் செய்துவிட்டு மாடிக்கு வந்தேன். விஷயம் தெரியாத சிலர் பாடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். "எப்படிண்ணே?" என்றார்கள். மைத்துனர் காலையில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன்.

பிரெஞ்சு எனக்கு அரைகுறையாகத்தான் வந்தது. அன்று கூட்டத்தின் நடுவே "ரொம்ப வேகமா" என்று அவர் சொன்ன குரல் மட்டும் முழுசாக இருக்கிறது. அவர் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும், அந்தக் குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொன்னார். அந்த நடுக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.