ஒட்டுகிறது, சார்

“ஈஸ்ட்ல எது வேணா எதோடயும் ஒட்டும்மா. அதை நம்பி வருஷத்தை வீணாக்காதே,” என்றார் என் ஆய்வு வழிகாட்டி.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நெல் இலையை வைக்கோலாகக் காயவைக்கும் பாக்டீரியாவைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்தக் கிருமி ஊசி போன்ற குழாய் வழியாகத் தன் புரதங்களை இலையின் செல்லுக்குள் செலுத்திவிடும். அதில் ஒன்று, ஆபத்து என்று செல்லை எச்சரிக்க வேண்டிய நெல்லின் புரதத்தையே போய்ப் பிடித்துக்கொள்கிறது என்று, ஈஸ்ட் செல்லுக்குள் இரண்டு புரதங்களை விட்டு அவை ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் என் சோதனை காட்டியது. எச்சரிக்கை எழாது, கிருமி நிம்மதியாகப் பெருகும்.

“உங்க வீட்டுல முதல்ல படிக்க வந்த பொண்ணு நீ. சுலபமா ஒண்ணை முடிச்சுட்டுக் காலேஜ் வேலைக்குப் போயிடு.”

அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உடம்பு பற்றி எரிந்தது. என் அம்மா முன்பு அச்சரப்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். எதுவரை வரலாம், எங்கே நிற்கலாம் என்று அவளிடமும் இப்படி அக்கறையாகத்தான் சொன்னார்கள்.

“இலைக்குள்ளயே செஞ்சு காட்டறேன் சார்.”

“செடி வளர்க்கிற அறையில இடம் தர முடியாது.”

“வேணாம் சார்.”

இந்தச் சோதனையை ஒருவகைக் காட்டுப் புகையிலையின் இலையில் செய்வார்கள். விதை கேட்டு வாங்கி, செங்கல்பட்டில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் விதைத்தேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடித்து வந்த அம்மா செடிகளைப் பார்த்துத் திகைத்தாள்.

“இன்னாடி இது, வூட்டுக்குள்ள பொகையில போட்டுகினு கீற?”

“பொகையில இல்லம்மா, அதுக்குப் பங்காளி.”

“பக்கத்து வூட்டுக்காரி கேட்டா இன்னா சொல்றது?”

“படிப்புக்கு வளக்கறான்னு சொல்லு.”

சொன்னாள். வெயில் ஏறியதும் பழைய சேலையைக் கட்டி நிழலும் கொடுத்தாள்.

செடிகளைக் கூடையில் வைத்து மின்சார ரயிலில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். கூடுவாஞ்சேரியில் ஏறிய கூட்டம், “கூடைய கீழ வையிம்மா!” என்று கத்தியது. மடியிலிருந்து இறக்கவில்லை.

ஒளிரும் புரதம் ஒன்றை இரண்டு பாதியாக்கி, ஒன்றைக் கிருமியின் புரதத்தோடும் மற்றதை நெல்லின் புரதத்தோடும் இணைத்து இலைக்குள் செலுத்த வேண்டும். இரண்டும் பிடித்துக்கொண்டால்தான் பாதிகள் சேர்ந்து ஒளிரும். முதல் முறை இலை வாடியது. அடுத்த முறை ஒன்றுமே தெரியவில்லை. வழிகாட்டி எதுவும் கேட்காமல் கடந்துபோனதுதான் அதிகம் வலித்தது. அதற்கடுத்த முறை செல்களின் விளிம்பு மஞ்சளாக ஒளிர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, கிருமிப் புரதத்தில் பிடிக்கும் பகுதியை நீக்கிவிட்டுச் செலுத்திய இலையில் வெறும் இருட்டு.

அவரைக் கூப்பிட்டேன். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

“மறுபடியும் செய்.”

“செஞ்சுட்டேன் சார். பக்கத்து ஸ்லைடு அதுதான்.”

மாமல்லபுரத்தில் ஒரு கடலோர விடுதியில் கருத்தரங்கு நடந்தது. அங்கே என் முடிவுகளை, ஆங்கிலம் சரளமாக வரும் சீனியர் ஒருவர் பேசட்டும் என்றார் வழிகாட்டி. “என் வேலை சார், நான்தான் பேசுவேன்,” என்றேன். தடுக்கி விழும் ஆங்கிலத்தில் முழுவதையும் பேசினேன். இந்தப் பிடியை விடுவித்தால் வயலில் நோய் குறையுமா என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அதையும் நானே பார்த்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். வழிகாட்டி கை தட்டினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.