அந்தக் கத்தல் பொய்

காய்கறி மொத்தச் சந்தையில் அவளுக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு ஏறி அவள் ஏலம் கூவினால், கடைசி லாரிக்குள் தூங்குகிற டிரைவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். "மைக்கை முழுங்கிட்டுப் பொறந்தவ" என்று மற்ற ஏலக்காரர்கள் பொருமுவார்கள்.

ஒருநாள் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கட்டியும் கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரல் நாண்களில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. கண் விழித்து "தண்ணி" என்று கேட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. மாதங்கள் கழித்துக் குரல் என்று ஏதோ ஒன்று திரும்பியது, தகரத்தை மணலில் இழுத்த மாதிரி. சந்தையில் அவளை எடை மேடைக்கு மாற்றினார்கள்.

வேலை மாறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தாலே எதிரே இருப்பவர்கள் மீதியை முடித்துவைத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வேன் ஓட்டும் கணவர் பாசக்காரர். அந்தப் பாசமே வினையாயிற்று. கடைக்காரர், டாக்டர், கட்டிக்கொடுத்த மகள், யார் என்ன கேட்டாலும் "அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று முந்திக்கொள்வார். முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும். திருத்தத் தெம்பில்லாமல் அவளும் தலையாட்டிவிடுவாள். போகிற வீட்டிலெல்லாம் அவர் அவளுக்கும் சேர்த்துக் காபி கேட்க, பிடிக்காத காபியை இரண்டு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

குரல் பயிற்சி கொடுத்த பெண் தினமும் எதையாவது வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். நூலகத்தில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். புகழ்பெற்ற பழைய கதை ஒன்றை இந்தக் காலத்துத் திகில் கதையாகத் திருப்பி எழுதியது அது. பழைய கதையில் மலைமேல் ஒரு மாளிகை. அங்கே வாழவரும் இளைய மருமகள். மாடியறையில் பேச்சு வராத மூத்த மருமகள். எல்லோரும் அவளைப் பேய் என்று பயப்படுகிறார்கள். கடைசியில் அவள் மாடியிலிருந்து விழுந்து சாக, இளைய ஜோடி சுகமாக வாழ்கிறது. புதிய நாவலில் மாளிகை ஹோட்டலாகியிருந்தது. கதை சொல்பவளே அந்தப் பேசாத மூத்தவள்தான். அவளைக் கொல்ல அந்த ஹோட்டலிலேயே ஒருவன் காத்திருக்கிறான்.

வெண்கலம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். பத்தாவது பக்கத்தில் பயிற்சியே மறந்துபோயிற்று. இருட்டு வராந்தாவில் யாரோ மூச்சுவிடும் இடத்தை அவள் குரலில் கேட்டு, டம்ளர் எடுக்க வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, பட்டப்பகல்லயே இப்படிப் பயமுறுத்தறே?"

நூலகத்தில் வாசகர் கூட்டம் ஒன்று மாதாமாதம் நடக்கும். அந்த மாதம் அதே நாவல். "சும்மா வந்து உக்காருங்க அண்ணி, பேச வேண்டாம்" என்று நாத்தனார் அழைத்துப்போனாள். கணவர் வேன் சாவியோடு பின்வரிசையில் உட்கார்ந்தார்.

ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் முதலில் பிடித்துக்கொண்டார். "நல்ல வீட்டை இடிச்சுட்டு மால் கட்டின மாதிரி இருக்கு. பழசைப் பாழாக்கிட்டாங்க." வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண் விடவில்லை. "கடைசியில அவளுக்குக் குரல் வந்து ஒரு கத்து கத்தறாளே, கொல்ல வந்தவன் அதிர்ந்து வழுக்கி விழறானே, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு!"

நாத்தனார் பெருமையாக எழுந்தாள். "எங்க அண்ணியும் படிச்சாங்க. அவங்களுக்கும் அந்தக் கத்தல்தான் ரொம்பப் பிடிச்சிருந்தது."

"இல்ல" என்றாள் வெண்கலம்.

எல்லாத் தலையும் திரும்பியது. பின்வரிசையில் கணவர் பாதி எழுந்தார். "அவ என்ன சொல்ல வர்றான்னா..." அவள் கையை உயர்த்தினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கத்தல் பொய்" என்றாள். குரல் உடைந்தது. எச்சில் விழுங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "கதை முழுக்க அவ பேசாமலே ஜெயிச்சுட்டு வர்றா. கதவுச் சத்தத்த வெச்சே ஆள் யாருன்னு கண்டுபிடிக்கிறா. கடைசியில, குரல் வந்தாத்தான் அவ முழு மனுஷின்னு எழுதினவங்களுக்கே தோணிடுச்சு. எனக்குப் பிடிக்கல."

வக்கீல் பக்கம் திரும்பினாள். "ஆனா பாழாக்கல சார். பழைய கதையையும் படிச்சேன். அவ செத்து விழுந்த அடுத்த வரியில எல்லாரும் சாப்பிட உக்காந்துடறாங்க. அழறதுக்கு ஒரு நாதி இல்ல. இந்தப் புத்தகம்தான் அவ பக்கத்துல போய் உக்காந்துச்சு. அதுக்காக ஆயிரம் தப்பை மன்னிக்கலாம். அந்தக் கத்தலைத் தவிர."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "ஒத்துக்க மாட்டேன்மா. அந்த வீட்டுக்காரங்களோட கல்நெஞ்சைக் காட்டத்தான் அந்தச் சாப்பாடு. எழுதினவர் சொல்லாம சொல்றார். நீங்க அவசரமாப் படிச்சிருக்கீங்க."

வெண்கலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டியிருக்கிறார்கள், ஆமாம் போட்டிருக்கிறார்கள். நீ சொல்வது தப்பு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவசரமா? ரெண்டு தடவை படிச்சேன் சார். சொல்லாம சொல்றது அவருக்கு வசதி. செத்தவளுக்கு என்ன லாபம்?"

அறை சிரித்தது, வக்கீலும்தான். வங்கிக்காரி தனக்குப் பிடித்த அந்தக் கத்தலுக்காக மல்லுக்கு நின்றாள். நூலகத்தைப் பூட்டுகிற நேரம்வரை வழக்கு ஓடியது. நடுநடுவே வெண்கலத்தின் குரல் அடைத்துக்கொண்டபோதெல்லாம் அவர்கள் காத்திருந்தார்கள். யாரும் மீதியை முடித்துவைக்கவில்லை.

படியிறங்கும்போது கணவர் மெதுவாகச் சொன்னார். "நானும் உனக்கு அந்தக் கத்தல் பிடிச்சிருக்கும்னுதான் நினைச்சேன்."

"தெரியும். இனிமே என்னைக் கேளுங்க."

அடுத்த கூட்டத்தைத் தொடங்கிவைக்க அவளையே அழைத்தார்கள். பழைய நாவலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதென்று ஏற்பாடு. வக்கீல் பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகி, ஆயுதபாணியாக வந்து சேர்ந்தார். நாற்காலி போதாமல் நாத்தனார் குழந்தைகள் பகுதியிலிருந்து குட்டி நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டாள். வங்கிக்காரி முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தாள். வெண்கலம் எழுந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"மொதல்ல, சார் சொன்னது ஏன் தப்புன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.