நிமிஷக்கா

"பதினொரு நிமிஷம் ஆகும்" என்கிறார், மருந்துத் தட்டோடு நடந்துகொண்டே. தலையணை கேட்ட மூன்றாம் கட்டில்காரர் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். பதினோராவது நிமிடம் தலையணை வந்துசேர்கிறது. வார்டில் இந்த நர்ஸுக்கு நிமிஷக்கா என்று பெயர்.

"ஏன்க்கா, எல்லாரையும் மாதிரி 'இதோ வர்றேன்'னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்று சீண்டுவார் உடன் வேலை செய்பவர்.

"சொல்லியிருக்கேன்டி, ஒருதரம்." பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஐம்பதைத் தொடும் வயது. கணுக்கால் எப்போதும் வீங்கியிருக்கும். ஆனாலும் வார்டில் இவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்காருவதெல்லாம் வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியபிறகே கண் விழிப்பார். மகள் கடிந்துகொண்டால், "டிரைவர் நல்லா தாலாட்டுறாருடி" என்பார்.

பெருந்தொற்றின்போது, நோயாளிகளுக்குச் செய்ததைக் குறிக்கும் தாள்கள் வார்டுக்கு வெளியேதான் இருந்தன. உள்ளே போன காகிதம் திரும்பி வரக்கூடாது. அதனால் கவச உடை மாட்டுமுன்பே கட்டங்களில் டிக் போட்டுவிடுவது வழக்கமாயிற்று: புரட்டிப் படுக்கவைத்தாயிற்று, வாய் துடைத்தாயிற்று. ஓர் உடையோடு உள்ளே இருக்கக்கூடிய ஆறு மணி நேரம் ஆக்சிஜனுக்கும் ஊசிக்குமே போதவில்லை. உயிரைக் காப்பது முதலில், உயிரோடிருப்பவருக்கு வேண்டியது அப்புறம் என்றார்கள். தப்பில்லை. ஆனால் அந்த அப்புறம் பலருக்கு வரவேயில்லை.

அப்போது ஒன்பதாம் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. "வாயை மட்டும் கொஞ்சம் நனைச்சு விடும்மா" என்றார். "இதோ வர்றேன்ணே" என்றார் இவர். அதற்குள் எதிர்க்கட்டிலில் ஒருவருக்கு மூச்சு முட்டியது. அதைப் பார்த்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்து வெளியே அழைத்துவிட்டார்கள். திரும்ப நுழைய இன்னோர் உடை இல்லை. மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். ஓட்டுநரின் கடைசித் தாளில் 'வாய்ச் சுத்தம்' என்பதற்கு நேரே இவர் கையால் போட்ட டிக் அழகாக இருந்தது.

இன்று அதே ஒன்பதில் பக்கவாதம் வந்த ஓர் அம்மாள். பேச்சு போய்விட்டது. இடது கையால் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு மணிக்குள்ள வர்றேன்மா" என்று சொல்லி நகர்ந்தவரை, புதிதாக வந்த இரண்டு நோயாளிகள் பிடித்துக்கொண்டார்கள். வேலைநேரமும் முடிந்தது. உடை மாற்றி, தோள்பையோடு வந்தபோது மணி ஒன்று ஐம்பத்துநான்கு. அடுத்த முறைக்கு வந்த நர்ஸ் தாள்களைப் பரப்பிவைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்க கிளம்புங்கக்கா. ஒரு ஆள் வரல, ரெண்டு வார்டும் என் தலையில. இப்பவே எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டா ஒரு வேலை முடிஞ்சது."

"ஒன்பதுக்கு?"

"அதுக்கும்தான். அப்புறமா பாத்துக்கறேன்."

நிமிஷக்கா தோள்பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வாசலில் இவருடைய பேருந்து ஹாரன் அடித்தது. கைகளைக் கழுவிக் கையுறை மாட்டினார். ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு, ஒன்பதாம் கட்டிலருகே காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.