தொடைக்கறிக்கு ஈடாக ஒரு தலை

“நீ நன்னா மனப்பாடம் பண்றேம்மா. ஆனா உனக்குப் பார்க்கத் தெரியலை” என்றார் எங்கள் விலங்கியல் ஆசிரியர். திருப்பதிக் கல்லூரியில் எனக்கு அது கடைசி வருடம். மேற்படிப்பு விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். போடாமல் தாளைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். பார்க்கத் தெரியவில்லை என்ற அந்தச் சொல்லை விழுங்க முடியவில்லை.

ஆந்திரா பிரிந்து, எங்கள் சத்தியவேடு எந்தப் பக்கம் என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு வந்த நான் அதற்குக் காது கொடுக்கவில்லை. பழக்கத்தால் வருகிற அனிச்சைச் செயல் பெருமூளையில்தான் இருக்கிறது என்று புத்தகம் சொன்னது. நானே பார்த்துவிடுவதென்று எங்கள் ஆடு ஒன்றைப் பிடித்தேன். சலங்கையை ஆட்டுவேன், உடனே ஊதாங்குழலால் அதன் கண்ணில் ஊதுவேன். பத்து நாளில், நான் ஊதுவதற்கு முன்பே, சலங்கைச் சத்தத்துக்கே கண்ணை மூடியது.

பிறகு அதற்கு, மூளையில் நீர்ப்பை வளர்வதால் வருகிற சுற்றுநோய் கண்டது. தலையைச் சாய்த்துக்கொண்டு முளைக்குச்சியையே வட்டமடித்தது. அப்போதும் சலங்கை கேட்டால் கண் மூடியது. மூளை கெட்டும் பழக்கம் போகவில்லையே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“சுத்திக்கினே கீது, துன்னவும் மாட்டேங்குது. வெட்டிடலாம்” என்றார் நைனா.

எங்கள் ஊரில் ஆட்டை வெட்டுகிறவருக்குத் தலை சொந்தம். வெட்ட வந்த மாமாவிடம் அதைக் கேட்டேன்.

“என்னாத்துக்கு? படிச்ச பொண்ணுக்கு மூளை பத்தலியா?”

“எம் பங்குத் தொடைக்கறிய நீயே எடுத்துக்க மாமா.”

“அப்டின்னா வருசம் பூரா நீயே தலைய எடுத்துக்கம்மா!”

நைனா முறைத்தார், தடுக்கவில்லை.

உளியால் மண்டையைத் திறந்தேன். பெருமூளையின் இடது பாதியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்ப்பை. பின்னால் இருந்த சிறுமூளையில் ஒரு குறையும் இல்லை. பழக்கம் சிறுமூளையில்தான் தங்குகிறது என்று எழுதிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறினேன்.

ஆசிரியர் முழுக்கக் கேட்டார்.

“பெருமூளையில வலது பாதி எப்படி இருந்தது?”

“நல்லா இருந்தது, சார்.”

“அப்போ அந்தப் பழக்கம் அங்கே இருந்திருக்கலாமோல்லியோ? நீ எந்தக் கண்ணில ஊதினே?”

எந்தப் பக்கம் வாகாக இருந்ததோ அந்தப் பக்கம் ஊதியிருந்தேன். குறித்து வைக்கவே இல்லை. பெருமூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது என்று பரீட்சையில் ஒப்பித்து எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

விண்ணப்பத்தை மறுபடி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். “பார்த்துண்டு வா. போடறேன்.”

ஊர் திரும்பிய அன்றே, ஏரிக்கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவரிடம் போனேன். வருடா வருடம் இரண்டு மூன்று ஆடாவது சுற்றுநோயில் விழும் என்றார். அவருடைய ஆடுகளில் பத்துக்கு வலது காதிலும் பத்துக்கு இடது காதிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். நூல் உள்ள பக்கத்துக் கண்ணில் மட்டுமே ஊதுகிறேன். எந்த ஆடு, எந்தக் கண், மூடியதா இல்லையா என்று இன்று காலை வரை எழுதியாயிற்று.