எல்க் வேட்டையும் மரியராஜின் லீவும்

ஷார்ஜா முவைலாவில் குடியிருந்த மரியராஜ் அமெரிக்க மலை எதையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால், அங்கே அரசுக் காட்டில் தன் முதலாளி வில்லால் எல்க் மான் வேட்டையாட, ஆறு வருஷமாக அனுமதிச் சீட்டுக் குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டதும், வரைபடத்தில் ஓடை ஓடையாக வழி குறித்ததும் அவர்தான். முதலாளி ஊரில் இல்லாத நாளில்தான் அவருக்கு லீவு. இந்த வருஷம் குலுக்கலில் முதலாளி பெயர் விழுந்ததும், வேட்டைக்குப் போகும் அதே செப்டம்பரில் மகள் லிண்டாவின் கல்யாணத்தை வைத்துவிட்டார்.

கிளம்பும் வாரம் முதலாளி, “லீவு மாஃபி, கிடையாது. மலையிலிருந்து போன் பண்ணுவேன், நீதான் வழி சொல்லணும்” என்றார்.

ஊரில் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னபோது மனைவி ரெபேக்காள் அழவில்லை.

“மாதா கோயிலுக்குள்ள அவ கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போக இனி யாருகிட்டங்க கேக்கது?”

சொந்தத்தில் ஒரு பெயர்கூட மரியராஜுக்கு நினைவு வரவில்லை. அந்த மலையின் ஓடைப் பெயர்கள்தான் வரிசையாக வந்தன.